பின்னால் வந்த காரணங்கள்

ஐ.சி.யூ. வாசலில் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே கிடந்த நீல ரப்பர் செருப்புகளில் கால்களை நுழைத்து இரண்டடி வைத்த பிறகுதான், இரண்டுமே இடது கால் செருப்புகள் என்று சுபத்ராவுக்குத் தெரிந்தது. மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. அப்படியே உள்ளே போனாள்.

தினகரன் நேற்றுப் படுத்திருந்தபடியே படுத்திருந்தார். வாய்க்குள் போன குழாயை உதட்டோரம் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். நெஞ்சு எழுந்து தாழ்ந்தது. முதல் நாள் அதைப் பார்த்து அவள் ஆறுதல்பட்டிருந்தாள். பிறகுதான், அது அவருடைய மூச்சு இல்லை, பக்கத்தில் நிற்கும் இயந்திரத்தின் மூச்சு என்று புரிந்தது. அந்தக் குளிரில், திரைச்சீலைகளுக்கு நடுவில், காலையா மாலையா என்று தெரியாத வெளிச்சத்தில் நிற்கும்போதெல்லாம், யாரோ காணும் கனவுக்குள் தவறி நுழைந்துவிட்டதுபோல அவளுக்கு இருந்தது.

பம்மல் மெயின் ரோட்டில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர் தினகரன். பக்கத்து ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். போன வாரம் ஒரு பெண்ணுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, "மேடம், வண்டிய ஓரமா நிறுத்துங்க, தலை ஒரு மாதிரியா இருக்கு" என்றிருக்கிறார். அவள் நிறுத்தினாள். அவர் சீட்டில் சாய்ந்துவிட்டார். ஆனால் அவருடைய வலது கால், கற்றுக்கொடுப்பவர் பக்கம் இருக்கும் இன்னொரு பிரேக்கை அழுத்தியபடியே இருந்ததாம். எடுக்கவே முடியவில்லை என்று அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். மூளைக்குள் ரத்தக் கசிவு. ஆபரேஷன் செய்தும் அவர் கண் திறக்கவில்லை.

டாக்டர் ஹெப்சி வந்து, சுபத்ராவைத் திரைக்கு இந்தப் பக்கம் கூட்டி வந்தார். மகள் ஓவியாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார்.

"மேடம், இந்தக் குழாய வாயில ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது. கண்டின்யூ பண்ணணும்னா கழுத்துல சின்னதா ஓட்டை போட்டு, அது வழியா மூச்சுக் கொடுக்கணும். வயித்துல ஃபீடிங் ட்யூப். இப்படியே மாசக்கணக்குல போகலாம்."

"கண்ணு முழிப்பாரா?"

டாக்டர் திரைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "முழிச்சாலும் உங்கள அடையாளம் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன். தெரியாதுன்னும் நூறு சதவீதம் சொல்ல முடியாது."

"இல்லைன்னா?"

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறவங்களும் இருக்காங்க. அப்படிப் போனா... இன்னிக்கோ நாளைக்கோ." அவள் கையைத் தொட்டார். "நீங்கதான் மேடம் சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

வெளியே நாற்காலி வரிசையில் ஓவியா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆபீஸ் பை. துரைப்பாக்கத்தில் வேலை, ஒரு வாரமாக லீவு. அவளுக்கு அருகில் தினகரனின் அண்ணன் ஜெயவேலு, துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். சுபத்ரா சொன்னதை இருவரும் கேட்டார்கள்.

"இதுல யோசிக்க இன்னாம்மா கீது?" என்றார் ஜெயவேலு. "உசுரு கீது இல்ல? உசுரு கீற வரைக்கும் பாக்க வேண்டியதுதான். காசுக்கு நீ கவலப்படாத. நான் கீறேன்."

"அம்மா, ஹண்ட்ரட் பர்சன்ட் சொல்ல முடியாதுன்னு டாக்டரே சொல்றாங்கல்ல?" ஓவியாவின் குரல் மெல்லியதாக வந்தது. "அப்ப சான்ஸ் இருக்குன்னுதானே அர்த்தம்?"

சுபத்ரா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவள் அவசரமாக எதையும் சொல்கிறவள் இல்லை. குரோம்பேட்டையில் தண்ணீரைப் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை. அனகாபுத்தூரிலிருந்தும் ஊரப்பாக்கத்திலிருந்தும் போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, "குடிக்கலாமா மேடம்?" என்று கேட்பார்கள். "ரிசல்ட் வரட்டும் சார்" என்பாள். பழுப்பாகத் தெரியும் தண்ணீரைக்கூடக் கண்ணால் பார்த்து மோசம் என்று சொன்னதில்லை. புடவைக் கடையிலும் அப்படித்தான். தினகரன் வெளியே போய் இரண்டு டீ குடித்துவிட்டு வருவார்.

கல்யாணமான புதிதில் அவளுக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். கிளட்சை எந்த நொடியில் விடுவது, ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்துவது என்று அவள் ஒவ்வொன்றாக நினைக்க நினைக்க, வண்டி விக்கல் எடுத்ததுபோல் குலுங்கிக் குலுங்கி நின்றது.

"நீ ரோட்ட மட்டும் பாரு சுபா. மத்தத கால் பாத்துக்கும்."

"காலுக்கு இன்னா மூளையா இருக்கு, பாத்துக்கறதுக்கு?"

அவர் ஸ்டியரிங் மேல் தட்டித் தட்டிச் சிரித்தார். அதோடு அவள் கற்றுக்கொள்வதை விட்டுவிட்டாள்.

இப்போது அவள் கண்களை மூடிக்கொண்டு ஒழுங்காக யோசிக்க முயன்றாள். வயது ஐம்பத்து நாலுதான். ஓவியாவுக்கு அப்பா வேண்டும். சிட்லபாக்கத்தில் யாரோ ஒருவர் எட்டு மாதம் கழித்துக் கண் விழித்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தப் பக்கம், கழுத்தில் ஓட்டையோடு, யாரென்று தெரியாமல், திருப்பிப் போட்டால்தான் திரும்புவார். இரண்டு இட்லியை உட்கார்ந்து தின்னப் பொறுக்காமல் நின்றுகொண்டே தின்கிற மனிதர். ஆனால் அவருக்கு இப்போது அது தெரியுமா? தெரியாதென்றால் கஷ்டமும் இல்லையே? கஷ்டம் இல்லையென்றால் இருந்துவிட்டுப் போகட்டுமே? யாருக்காக இருக்க வேண்டும்?

ஒரு பக்கத்தில் ஒரு காரணத்தை வைத்தால், உடனே எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் காரணங்களையே அவள் சந்தேகப்படத் தொடங்கினாள். வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று தோன்றுவது இரக்கத்தினாலா, தான் களைத்துப்போனதாலா? வைத்துக் காப்பாற்றலாம் என்பது அன்பா, நாலு பேர் சொல்லிவிடுவார்கள் என்ற பயமா? எவ்வளவு ஆராய்ந்தாலும் நிறம் மாறாத தண்ணீராக அது அவள் முன் நின்றது.

"ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்தாள்.

வெளியே வெயில் அடித்தது. டீக்கடைப் பக்கம் போனவளைக் கூட்டம் மெல்ல இழுத்துக்கொண்டு போயிற்று. வெள்ளிக்கிழமை. பழைய டிரங்க் ரோடு முழுக்கப் பல்லாவரம் சந்தை விரிந்து கிடந்தது. டீ குடிக்க வந்ததை மறந்து அவள் நடந்தாள்.

கடைகளுக்கு மேலே நீலமும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் ஷீட்டுகளைக் கட்டியிருந்தார்கள். அவற்றின் அடியில் போகிறவர்களின் முகங்கள் ஒரு கடையில் நீலமாகவும் அடுத்த கடையில் மஞ்சளாகவும் மாறின. பழைய ஃபேன் இறக்கைகளை ஒருவர் அடுக்கிவைத்திருந்தார். டி.வி. ரிமோட்டுகள் மட்டும் ஒரு குவியல், இவற்றின் டி.வி.க்கள் எல்லாம் எங்கே போயிருக்கும் என்று அவள் நினைத்தாள். ஒரு கூண்டில் புறாக்கள். ஒருவர் தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் சுழற்றிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தங்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தன.

செடி விற்கிற அம்மாளின் முன்னால் அவள் குந்தி உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா வோணும்? ரோஸு கீது, செம்பருத்தி கீது, நந்தியாவட்டை கீது."

"இது என்ன?"

"கறிவேப்பிலக்கா. தெரில?"

"தொட்டில வருமா?"

"வரும்."

"வெயில் ரொம்ப வேணுமா?"

"வெச்சுப் பாருக்கா. புடிச்சா வரும், புடிக்கலன்னா வராது."

ஓர் இலையைத் தொட்டுப் பார்த்து விரலை முகர்ந்தாள். வாங்கவில்லை. அடுத்து மீன்காரரின் கடை. பிளாஸ்டிக் பைகளில் தண்ணீரும் காற்றும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு மீனை விட்டுக் கொடியில் தொங்கவிட்டிருந்தார். ஒரு பையில் சின்னக் கறுப்பு மீன் ஒன்று அசையாமல் நின்று, பிறகு சட்டென்று திரும்பியது. மறுபடி நின்றது. மறுபடி திரும்பியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மனசுக்குள் ஒன்றுமே இல்லை. தினகரன்கூட இல்லை.

அது உறைத்தபோது திடுக்கிட்டாள். அப்போது அவள் மீன்காரர் கடையில் இல்லை. மருத்துவமனை இருந்த ஜி.எஸ்.டி. ரோட்டை நோக்கி வேகமாகத் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். எப்போது திரும்பினோம் என்று தெரியவில்லை. கால்கள் முன்னே போயின. அவள் அவற்றோடு போனாள்.

மருத்துவமனை வாசலில் ஜெயவேலு நின்றிருந்தார். "எங்கம்மா பூட்ட? போன் அடிச்சிகினே கீறேன்."

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம் மாமா."

குரல் காதில் விழுந்த பிறகுதான், சொன்னது தான் என்று அவளுக்கே தெரிந்தது.

"இன்னாம்மா சொல்ற?"

"அவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"ஏன்?"

அவள் தடுமாறினாள். "டாக்டர் நம்பிக்கை இல்லாத மாதிரிதானே சொன்னாங்க..."

"அத காலைலயே சொல்லிட்டாங்களே. காலைல நீ ஒண்ணும் சொல்லலியே. இப்ப புச்சா இன்னா ஆச்சு?"

புதிதாக எதுவும் ஆகவில்லை. அவர் கேட்டது நியாயம். ஆனால் உள்ளே, காலையில் அலைபாய்ந்துகொண்டிருந்த இடத்தில், இப்போது எதுவும் ஆடவில்லை. தேடிப் பார்த்தாள். அங்கே காரணம் இல்லை. முடிவு மட்டும், எப்போதோ வந்து அமர்ந்துவிட்டதுபோல, இருந்தது.

ஜெயவேலு அவள் முகத்தையே பார்த்தார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். படிக்கட்டில் நின்றிருந்த ஓவியா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். திரும்பி உள்ளே போனாள்.

கையெழுத்துகள் வாங்கினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. அசரியா என்ற ஊழியர் தினகரனின் தலைமாட்டில் உட்கார்ந்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்தார். சைரன் போடவில்லை. பம்மல் வழியாக வண்டி ஊர்ந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த ஓவியா கேட்டாள்.

"எப்பம்மா டிசைட் பண்ண?"

"தெரியல."

"தெரியலன்னா? டீ குடிக்கறேன்னு போயிட்டு வந்து நேரா பெரியப்பாகிட்டச் சொல்ற. அங்க யோசிச்சியா?"

ஜெயவேலுவிடம் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். ஓவியாவிடம் அது வரவில்லை.

"யோசிக்கல பாப்பா. ஆஸ்பத்திரில உக்காந்துதான் யோசிச்சேன். ஒண்ணும் வரல. சந்தைல மீனப் பாத்துட்டு நின்னேன். திரும்பி வரும்போது வாய் சொல்லிடுச்சு."

ஓவியா அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "அப்பா உயிரும்மா. வாய் சொல்லிடுச்சுங்கற."

சுபத்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அசரியா பையை அழுத்தினார், விட்டார். வண்டி டிரைவிங் ஸ்கூலைத் தாண்டிப் போனது. ஷட்டர் மூடியிருந்தது. அம்மாவும் மகளும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பொழிச்சலூர் வீட்டின் ஹாலில் சோபாவை நகர்த்திக் கட்டில் போட்டிருந்தார்கள். அசரியா, டாக்டரோடு போனில் பேசிக்கொண்டே, மெதுவாகக் குழாயை எடுத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தினகரனின் தொண்டையில் ஏதோ அசைந்தது. பிறகு அவராகவே ஒரு மூச்சு விட்டார். கரகரப்பான, சின்ன மூச்சு. இயந்திரத்தின் மூச்சைப்போல இல்லாமல், பழைய குறட்டையின் சாயல் அதில் இருந்தது. சுபத்ராவுக்குக் கண்கள் நிறைந்தன.

"அந்த ஆஸ்பத்திரித் துணிய மாத்திடலாம்" என்றாள். "ஓவியா, பீரோல இருந்து ஒரு சட்டை எடும்மா."

ஓவியா பீரோவுக்குப் போகவில்லை. தன் ஆபீஸ் பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே கையை விட்டு, தினகரனின் கட்டம் போட்ட சட்டையை எடுத்தாள். இஸ்திரி போட்டு மடித்தது. கூடவே அவருடைய வீட்டு லுங்கி. எடுத்து நீட்டினாள். பிறகு கை நீட்டியபடியே நின்றுவிட்டாள்.

"இத நான்..." என்றாள். "காலைல கிளம்பும்போது இத ஏன் எடுத்து வெச்சேன்?"

ஐ.சி.யூ.வில் இருக்கிறவருக்குச் சட்டை தேவையில்லை. கொண்டுவரும்படி யாரும் சொல்லவில்லை. சுபத்ரா சட்டையை வாங்கினாள். இருவருமாக அவரைத் தூக்கி, ஒரு கையை அம்மாவும் மறு கையை மகளுமாக நுழைத்தார்கள். பொத்தான்களைப் போட ஆரம்பித்த ஓவியா மூன்றாவது பொத்தானில் நின்றுவிட்டாள். சுபத்ரா மீதியைப் போட்டாள்.

பிற்பகல் நீண்டது. தலைக்கு மேலே விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பேச்சை நிறுத்தி, அவை போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிற ஊர் அது. அன்று நிறுத்துவதற்குப் பேச்சு இல்லை. ஜன்னல் வெயில் கட்டிலின் கால்மாட்டிலிருந்து ஏறி அவர் இடுப்புவரை வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, சத்தம் இல்லாமல் சமையலறையில் போய் நின்றார்கள். ஜெயவேலு தம்பியின் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு, வெறுமனே தடவிக்கொண்டிருந்தார்.

மூச்சுகளுக்கு நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஓவியா அப்பாவின் உள்ளங்கைக்குள் தன் விரல்களை வைத்திருந்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் யாரோ பம்ப் மோட்டாரைப் போட்டார்கள். காத்திருந்தார்கள். காத்திருப்பது முடிந்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் ஜெயவேலுதான், "தினா" என்று கூப்பிட்டார். இன்னொரு முறை கூப்பிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. சனிப் பிணம் தனிப் போகாது என்பதால், பாடையில் கட்ட ஒரு கோழிக்குஞ்சை வாங்கிவரச் சொல்லிவிட்டு, ஜெயவேலு வாசலில் பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பேங்க் மேனேஜர், ஸ்கூல் டீச்சர், பூக்கடைக்காரரின் மருமகள், யார் யாரோ. எல்லோருமே அவரிடம் ஓட்டக் கற்றவர்கள். அந்தக் குறுகலான தெருவில் அவர்களுடைய கார்கள், இடிக்காமல் கொள்ளாமல், பின்பக்கமாக எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டிருந்தன. அவர் சாய்ந்தபோது வண்டியில் இருந்த பெண் மட்டும் நடந்து வந்தாள்.

வந்தவர்கள் சுபத்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"ஏம்மா வூட்டுக்குக் கூட்டினு வந்துட்டீங்க? பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்திப் பாத்திருக்கலாமே?"

ஒருவரிடம், டாக்டர் நம்பிக்கை தரவில்லை என்றாள். இன்னொருவரிடம், கழுத்தில் ஓட்டை போட்டால் கிருமி தொற்றிவிடும் என்றார்கள் என்றாள். ஓர் அம்மாளிடம், "படுத்த படுக்கையா இருக்கறத அவரு தாங்க மாட்டாரு" என்றாள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியான முடிவுதாம்மா, நல்லா யோசிச்சு எடுத்திருக்க" என்றாள்.

எல்லாமே உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் ஷீட்டுகளின் கீழே அவள் நின்றிருந்தபோது இவற்றில் ஒன்றுகூட அவளிடம் இருக்கவில்லை. எல்லாம் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டவை. சொல்லச் சொல்ல அவை இன்னும் கோர்வையாக வந்தன. கொஞ்ச நாளில் தானேகூட இவற்றை நம்பிவிடுவோம் என்று தோன்றியபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷமாக எதை எதையெல்லாம் யோசித்து எடுத்த முடிவு என்று நினைத்திருக்கிறோம்! யார் எடுத்த முடிவுகள் அவை? கேட்டால் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிக்கக்கூடியவர் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

ஒவ்வொரு முறை அவள் காரணம் சொன்னபோதும், பெட்டியின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த ஓவியா நிமிர்ந்து பார்த்தாள். மறுக்கவில்லை. அந்தச் சட்டையை நீட்டிய பிறகு அவள் அம்மாவிடம் நேராக ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் எடுத்தார்கள். மேளச் சத்தம் தெருமுனையில் திரும்பி, இன்னொரு தெருவுக்குள் போய், மெல்லியதாகி, ஒரு கட்டத்தில் கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் ஆயிற்று. பெண்கள் வீட்டைக் கழுவி விட்டார்கள். ஒவ்வொருவராகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். சுபத்ராவுக்குக் கொல்லைப்பக்கம் இரண்டு பேர் தண்ணீர் ஊற்றினார்கள். புடவையை மாற்றிக்கொண்டு, ஹாலில், கட்டில் கிடந்த இடத்தில், ஈரம் காயாத தரையில் வந்து உட்கார்ந்தாள். சமையலறையில் யாரோ அரிசி களைந்துகொண்டிருந்தார்கள்.

ஓவியா குளித்துவிட்டு வந்தாள். இடுப்புவரை தொங்கிய முடியிலிருந்து தண்ணீர் சொட்டி, அவள் நடந்த வழியெல்லாம் சின்னச் சின்ன வட்டங்களாக விழுந்தது. கையில் துண்டு. வாசலைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முன்னால் வந்து, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, தோளுக்கு மேலாகத் துண்டைப் பின்பக்கம் நீட்டினாள்.

சுபத்ரா வாங்கிக்கொண்டாள். முடியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் துண்டில் சுருட்டி, நுனியிலிருந்து மேலே, கொஞ்சம் கொஞ்சமாக, அழுத்தித் துவட்டத் தொடங்கினாள்.